காயலான் கடைக்குப் போன நாற்காலி, பாரிசில் பல லட்சம் ரூபாய்!

சண்டிகர் அரசு அலுவலகங்களில் கழித்துப் போட்ட சாமான்கள் உலக ஏலத்துக்குப் போன கதை

அரசு அலுவலகத்தில் பிரம்பு அறுந்து, ஒரு கால் ஆடத் தொடங்கிய நாற்காலி என்ன ஆகும்?

குமாஸ்தா வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்லுவார். முதலில் அது சுவர் ஓரம் போகும். பிறகு வராந்தாவுக்குப் போகும். அங்கிருந்து மாடிப்படிக்குக் கீழே. அங்கும் இடம் இல்லை என்றால் மொட்டை மாடி. வெயிலிலும் மழையிலும் சில வருஷம் கிடக்கும். பிறகு ஒரு நாள் கமிட்டி வந்து பார்க்கும். "உபயோகத்துக்கு லாயக்கு இல்லை" என்று ரிஜிஸ்தரில் எழுதும்.

அப்புறம் ஏலம். "ஒரு தரம்... இரண்டு தரம்... மூன்று தரம்!" காயலான் கடைக்காரர் பணத்தைக் கட்டிவிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். அத்தோடு அந்த நாற்காலியை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

ஆனால் சண்டிகர் நகரத்து நாற்காலிகளின் கதை அப்படி முடியவில்லை. காயலான் கடையில் இருந்து அவை கப்பல் ஏறின. பாரிஸ், லண்டன், நியூயார்க், சிகாகோ ஏலக் கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. குமாஸ்தாக்கள் உட்கார்ந்து பைல் எழுதிய சாதாரண நாற்காலி ஒன்றே, அங்கே ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. நம் பணத்தில் கணக்குப் போட்டால் பல லட்சம் ரூபாய்!

தங்கம் பதித்த நாற்காலியா? இல்லை. மகாராஜா உட்கார்ந்த சிம்மாசனமா? அதுவும் இல்லை. தேக்குக் கட்டையும் பிரம்பும்தான். பிறகு ஏன் இந்த விலை?

லாகூர் போனது, சண்டிகர் பிறந்தது

1947ல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது பஞ்சாபும் இரண்டாகப் பிரிந்தது. தலைநகரமாக இருந்த லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. அகதிகள் லட்சக்கணக்கில் வந்து கொண்டிருந்த நேரம். அந்த நிலையிலும் புதிதாக ஒரு நகரத்தையே கட்டுவது என்று முடிவு செய்தார்கள். பிரதமர் நேரு அதற்கு முழு ஆதரவு கொடுத்தார்.

முதலில் திட்டம் போட்டவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்பர்ட் மேயரும், போலந்து நாட்டில் இருந்து வந்த மாத்யூ நொவிட்ஸ்கியும். 1950ல் விமான விபத்தில் நொவிட்ஸ்கி இறந்து போனார். பஞ்சாப் அதிகாரிகள் தாப்பரும் வர்மாவும் ஐரோப்பாவுக்குப் போய் வேறு ஆள் தேடினார்கள். அப்படிக் கிடைத்தவர்தான் பிரான்சில் புகழ் பெற்றிருந்த கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே. இங்கிலாந்தைச் சேர்ந்த மாக்ஸ்வெல் பிரையும் அவர் மனைவி ஜேன் ட்ரூவும் மூன்று வருஷம் வந்து வேலை செய்ய ஒப்புக்கொண்டார்கள்.

லெ கார்பூசியே இந்தியாவில் குடியிருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். வருஷத்தில் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அப்படியானால் தினமும் வெயிலில் நின்று வேலையைப் பார்ப்பது யார்? அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜன்னரே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

14 வருஷம் இங்கேயே இருந்தவர்

ஜன்னரே 1896ல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பிறந்தவர். 1951ல் சண்டிகருக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 54. சில வருஷம் இருந்துவிட்டுப் போவார் என்று நினைத்தார்கள். 1965 வரை இருந்தார். நகரத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராகவும் ஆனார்.

சட்டசபை, ஐகோர்ட்டு, தலைமைச் செயலகம் ஆகிய பெரிய கட்டடங்கள் லெ கார்பூசியே பெயரைச் சொல்கின்றன. பள்ளிக்கூடம், அரசு ஊழியர் வீடுகள், கடைகள் என்று ஜனங்கள் தினமும் புழங்கும் இடங்களில் ஜன்னரேயின் கை அதிகம். ஊழியர்களின் சம்பளத்துக்குத் தகுந்தபடி வீடுகளை வகை வகையாகப் பிரித்துக் கட்டினார்கள். கடைநிலை ஊழியர் வீட்டிலும் காற்றும் வெளிச்சமும் வர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள்.

உடல்நிலை கெட்டு 1965ல் ஊர் திரும்பிய ஜன்னரே, 1967 டிசம்பரில் காலமானார். அவருடைய அஸ்தி சண்டிகருக்கே வந்து சேர்ந்தது. 1970ல் அவருடைய அண்ணன் தம்பி வழிப் பெண் ஒருவர் அதைக் கொண்டுவந்து சுக்னா ஏரியில் கரைத்தார். செக்டர் 5ல் அவர் குடியிருந்த வீடு இப்போது மியூசியமாக இருக்கிறது.

நாற்காலிக்கு வந்த தேவை

புதிய நகரம் என்றால் எத்தனை அலுவலகம்! எத்தனை மேஜை, எத்தனை நாற்காலி, எத்தனை பைல் அலமாரி! ஐகோர்ட்டு நீதிபதிக்கு வேண்டும். எம்.எல்.ஏ. விடுதிக்கு வேண்டும். பஞ்சாப் பல்கலைக்கழக நூலகத்தில் படிக்கும் மாணவனுக்கு வேண்டும். வாசலில் உட்காரும் பியூனுக்கு ஸ்டூல் வேண்டும்.

இவ்வளவையும் வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்யப் பணம் கிடையாது. உள்ளூரில் பெரிய பர்னிச்சர் தொழிற்சாலையும் கிடையாது. ஆனால் மரம் இருந்தது. தச்சர்கள் இருந்தார்கள். பிரம்பு பின்னத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஜன்னரேயும் அவருடன் வேலை செய்த இந்தியக் கட்டடக் கலைஞர்களும் இந்த மூன்றை வைத்தே வரைபடம் போட்டார்கள். அவர்களில் முக்கியமானவர் யூலி சௌத்ரி என்ற பெண்மணி. பெண்கள் இந்தத் தொழிலுக்கு வருவதே அபூர்வமாக இருந்த காலம் அது.

நாற்காலியின் அமைப்பு எளிமையானது. தேக்கு அல்லது சிசு மரம். தேக்கு என்றால் கரையான் சீக்கிரம் தொடாது. மழைக்கால ஈரத்தில் முறுக்கிக்கொள்ளாது. உட்காரும் இடமும் முதுகு சாயும் இடமும் பிரம்புப் பின்னல். கோடையில் வடநாட்டு வெயில் எப்படி அடிக்கும் என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். பிரம்பில் உட்கார்ந்தால் காற்று புகுந்து போகும். சட்டை முதுகில் ஒட்டாது.

கால்கள்தான் இந்த நாற்காலியின் அடையாளம். பள்ளிக்கூடத்து ஜியோமிதிப் பெட்டியில் இருக்கும் கவராயத்தை விரித்து நிறுத்தினால் எப்படி இருக்குமோ, அப்படி இரண்டு பக்கமும் கால்கள் விரிந்து நிற்கும். பார்க்க அழகு. பளுவையும் தாங்கும். மரத்தை அளவாக அறுத்து, துளை போட்டு, கழுந்து பொருத்திச் செய்ய எந்த ஊர்த் தச்சருக்கும் முடியும். பெரிய இயந்திரம் தேவையில்லை.

ஒரே பட்டறையில் எல்லாவற்றையும் செய்யவில்லை. பல பட்டறைகளுக்கு ஆர்டர் போனது. அதனால் ஒரே மாதிரி இரண்டு நாற்காலியை அளந்து பார்த்தால் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஒன்றில் கை சற்று அகலம். இன்னொன்றில் கால் சற்றுத் தடிப்பு. செய்த தச்சர்களின் பெயர் எந்த நாற்காலியிலும் கிடையாது.

ஸ்டோர் குமாஸ்தா போட்ட முத்திரை

நாற்காலி வந்து இறங்கியதும் அலுவலகத்தில் முதல் வேலை என்ன? ரிஜிஸ்தரில் ஏற்றி நம்பர் போடுவது. தகரத்தில் எழுத்து வெட்டி, அதை மரத்தின் மேல் வைத்துப் பெயிண்ட் தடவி, இலாகாவின் சுருக்கப் பெயரும் நம்பரும் எழுதிவிடுவார்கள். ஐகோர்ட்டு என்றால் ஒரு குறி. பல்கலைக்கழக நூலகம் என்றால் ஒரு குறி. கல்லூரி என்றால் வேறொரு குறி. ஒரு பிரிவு நாற்காலி இன்னொரு பிரிவுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

அழகுக்காக யாரும் அதை எழுதவில்லை. கோணலாகவும் இருக்கும். பெயிண்ட் வழிந்தும் இருக்கும். இன்று வெளிநாட்டு ஏல நிறுவனங்கள் அச்சடிக்கும் வழவழப்பான புத்தகங்களில், நாற்காலிப் படத்துக்குக் கீழே இந்த எழுத்துக்களை ஒன்று விடாமல் குறிப்பிடுகிறார்கள். சில சமயம் அதை மட்டும் தனியாகப் படம் எடுத்தும் போடுகிறார்கள். இது அசல் சண்டிகர் நாற்காலி, இன்ன கட்டடத்தில் இருந்தது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. பெயர் தெரியாத ஒரு ஸ்டோர் குமாஸ்தா பிரஷ்ஷால் போட்ட நம்பர், அரை நூற்றாண்டு கழித்து லட்ச ரூபாய்க்கு அத்தாட்சி ஆகிவிட்டது!

ஏன் கழித்தார்கள்?

நாற்காலிகளை வேண்டும் என்று யாரும் வீசவில்லை. அதற்கும் காரணங்கள் இருந்தன.

பிரம்பு சில வருஷத்தில் தொய்யும். பிறகு அறுந்து போகும். திரும்பப் பின்ன ஆள் வேண்டும். முன்பு அரசு அலுவலகங்கள் பலவற்றில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதற்கென்றே ஆள் இருந்தது உண்டு. கண் பார்வை இல்லாதவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வேலைக்கு வைத்த தொழில்களில் இதுவும் ஒன்று. விரல் நுனியாலேயே துளை துளையாகத் தடவிப் பின்னிவிடுவார்கள். எஃகு நாற்காலியும் சுழல் நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்த பிறகு அந்த வேலைக்கு மவுசு குறைந்தது. பின்ன ஆள் இல்லாமல் போகவே, அறுந்த நாற்காலி மூலைக்குப் போனது.

இரண்டாவது காரணம், ஆசை. சக்கரம் வைத்துச் சுற்றும் மெத்தை நாற்காலிதான் பதவிக்கு மரியாதை என்று ஆகிவிட்டது. பழைய பிரம்பு நாற்காலி பழைய காலத்துச் சின்னமாகத் தெரிந்தது.

மூன்றாவது காரணம் முக்கியமானது. 1966 நவம்பர் 1ந் தேதி பஞ்சாபில் இருந்து அரியானா பிரிந்தது. சண்டிகர் யூனியன் பிரதேசம் ஆனது. இரண்டு மாநிலங்களுக்கும் தலைநகரமாகவும் இருந்தது. ஒரே அரசாங்கத்துக்கு வாங்கிய சாமான், பஞ்சாப், அரியானா, யூனியன் பிரதேச நிர்வாகம், ஐகோர்ட்டு, பல்கலைக்கழகம் என்று பல கைகளில் இருந்தது. அவரவர் ஸ்டோர், அவரவர் ரிஜிஸ்தர், அவரவர் ஏலம். மொத்தம் எத்தனை நாற்காலி செய்தார்கள், எத்தனை மிச்சம் என்று ஒரே இடத்தில் கணக்கு வைக்க ஆள் இல்லை.

ஏல விதி என்ன சொல்கிறது?

மத்திய அரசு அலுவலகங்களுக்குப் பொது நிதி விதிகள் என்று ஒரு புத்தகம் உண்டு. பழைய சாமான்களை எப்படிக் கழிக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. 2017ல் திருத்தி வெளியிட்ட விதிகளின்படி, ஒரு பொருள் தேவைக்கு மேல் இருக்கிறதா, காலத்துக்கு ஒவ்வாததா, பழுதா என்பதைக் காரணத்தோடு எழுத வேண்டும். எஞ்சிய மதிப்பு 2 லட்சம் ரூபாய்க்கு மேல் என்றால் விளம்பரம் கொடுத்து டெண்டர் விட வேண்டும், அல்லது பகிரங்க ஏலம் போட வேண்டும். ஏலம் எடுத்தவரிடம் அந்த இடத்திலேயே கேட்ட தொகையில் 25 சதவீதத்துக்குக் குறையாமல் வாங்க வேண்டும்.

பணத்தில் மோசடி நடக்காமல் இருக்க இது நல்ல விதி. ஆனால் இதில் மதிப்பு என்பது என்ன? வாங்கிய விலை, தேய்மானம் போக மிச்சம். 1950களில் வாங்கிய நாற்காலிக்கு அந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. மர விலை மட்டும்தான். அதனால் அவற்றைத் தனித்தனியாகக்கூட ஏலம் போடவில்லை. உடைந்த மேஜை, துருப்பிடித்த அலமாரி, பழைய மின்விசிறி எல்லாவற்றோடும் சேர்த்துக் குவியல் குவியலாகப் போட்டார்கள். 'உள்ளது உள்ளபடி' என்பது நிபந்தனை. எடுத்தவர் மறுபேச்சு இல்லாமல் அள்ளிக்கொண்டு போக வேண்டும்.

வரைந்தவர் யார், யாரால் எப்போது செய்யப்பட்டது என்று கேட்க அந்தப் பாரத்தில் ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாத கேள்வியை எந்த அலுவலகத்தில் யார் கேட்பார்கள்?

பாரிஸ் வியாபாரிகள் வந்தார்கள்

1990களின் கடைசியில் இருந்து பாரிஸ் நகரத்து வியாபாரிகள் சிலர் சண்டிகருக்கு வரத் தொடங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பழைய பர்னிச்சர்களை வாங்கி விற்பது அவர்கள் தொழில். லெ கார்பூசியே பெயருக்கும் ஜன்னரே பெயருக்கும் அவர்கள் ஊரில் இருந்த மதிப்பு அவர்களுக்குத் தெரியும். மாடிப்படிக்குக் கீழே கிடந்த குவியலைப் பார்த்ததும் அது என்ன என்று புரிந்துவிட்டது.

அவர்கள் திருடவில்லை. அரசு போட்ட ஏலத்தில் கேட்டார்கள். ஏலம் எடுத்த காயலான் கடைக்காரர்களிடம் விலை பேசினார்கள். பணம் கட்டி ரசீது வாங்கினார்கள். கன்டெய்னர்களில் ஏற்றி அனுப்பினார்கள். அங்கே கொண்டுபோய் மரத்தைத் துடைத்து, மெருகு போட்டு, புதிதாகப் பிரம்பு பின்னி வைத்தார்கள். கண்காட்சிகள் நடத்தினார்கள். புத்தகம் போட்டார்கள். விலை ஏறத் தொடங்கியது. பணக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இன்று இந்த நாற்காலிகள் நிற்கின்றன.

நாற்காலி மட்டும் அல்ல. நூலக மேஜை, நீதிபதி மேஜை, பைல் வைக்கும் அடுக்கு, வாசல் ஸ்டூல் எல்லாமே போயின. சண்டிகர் வரைபடம் பதித்த சாக்கடை மூடிகூட ஏலத்துக்கு வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஏலம் எப்படி?

வெளிநாட்டு ஏலத்துக்கும் நம் ஊர் ஏலத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்தால் இந்த விலை வித்தியாசம் புரியும்.

அங்கே ஒவ்வொரு நாற்காலிக்கும், அல்லது ஒரே ஜோடிக்கு, தனி நம்பர். ஏலத்துக்குப் பல நாள் முன்பே படத்தோடு புத்தகம் வெளியாகும். வரைந்தவர் பெயர், செய்த வருஷம், மரத்தின் பெயர், நீளம், அகலம், உயரம், எந்தக் கட்டடத்தில் இருந்தது, பிறகு யார் கையில் இருந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். என்ன விலை போகலாம் என்று கீழ்மதிப்பும் மேல்மதிப்பும் போடுவார்கள். யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே வந்து திருப்பிப் பார்க்கலாம். குறிப்பிட்ட தொகைக்குக் கீழே போனால் விற்பதில்லை என்று விற்பவரோடு ரகசிய ஒப்பந்தமும் இருக்கும்.

ஏலத்தன்று கூடத்தில் உட்கார்ந்தும் கேட்கலாம். வேறு நாட்டில் இருந்து போனிலும் கேட்கலாம். சுத்தியல் விழுந்த விலைக்கு மேல், ஏல நிறுவனத்துக்கு ஏறத்தாழ கால் பங்கு கமிஷனும் வாங்குபவர் தர வேண்டும்.

இந்த வரலாறு முழுவதையும் எங்கிருந்து எடுத்தார்கள்? ஸ்டோர் நம்பர், ஏல ரசீது, சண்டிகர் மொட்டை மாடியில் குவியலாகக் கிடந்த பழைய போட்டோ. எல்லாம் நம் ஆபீசில் இருந்து போனவைதான். நாம் குவியலாக விற்றோம். அவர்கள் தனித்தனியாக விற்றார்கள். நாம் மரத்தை விற்றோம். அவர்கள் மரத்தோடு அதன் கதையையும் விற்றார்கள்.

ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013ல் இதைப் பற்றி ஒரு படம் எடுத்தார். பணக்கார வீட்டில் தொடங்கி, ஏலக் கூடம், பழுது பார்க்கும் பட்டறை, கப்பல் என்று பின்னோக்கிப் போய் சண்டிகர் அலுவலகத்தில் முடியும் படம். அதே வருஷம் அந்தப் படத்தையே லண்டனில் ஏலத்துக்கு விட்டார்!

சட்டம் ஏன் தடுக்கவில்லை?

பழைய சிலைகளை வெளிநாட்டுக்குக் கடத்தினால் பிடிக்கிறார்களே, நாற்காலியை ஏன் விட்டார்கள் என்று கேட்கலாம்.

இந்தியாவில் 1972ல் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டம் வந்தது. அதன்படி தொல்பொருள் என்றால் பொதுவாக 100 வருஷத்துக்குக் குறையாமல் வயது இருக்க வேண்டும். கையெழுத்துச் சுவடிக்கு மட்டும் 75 வருஷம். சண்டிகர் நாற்காலிகள் 1950களில் செய்தவை. அவை நூறு வருஷம் காண இன்னும் கால் நூற்றாண்டு போக வேண்டும். அதுவரை சட்டத்தின் கண்ணில் அவை தொல்பொருள் அல்ல.

அதே சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது. நூறு வருஷம் ஆகாவிட்டாலும், படைத்தவர் காலமாகி இருந்தால், மத்திய அரசு அவருடைய கலைப் படைப்புகளைக் கலைப் பொக்கிஷம் என்று அறிவிக்கலாம். ரவிவர்மா, தாகூர், அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய் போன்றவர்களின் ஓவியங்களை அப்படித்தான் காப்பாற்றி வருகிறார்கள். ஆனால் ஓவியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். நாற்காலி ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அது கலையா, தட்டுமுட்டுச் சாமானா என்ற கேள்வியே பல வருஷத்தைத் தின்றுவிட்டது.

2011ல் வந்த உத்தரவு

வெளிநாட்டு ஏலங்களில் சண்டிகர் பெயர் அடிபட்ட பிறகுதான் இங்கே கண் விழித்தார்கள். சண்டிகர் வழக்கறிஞர் அஜய் ஜக்கா மத்திய அரசுக்கும் தூதரகங்களுக்கும் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி வந்தார். சில ஏலங்களை நிறுத்தும்படி இந்தியா கேட்டுப் பார்த்தது. பலன் கிடைக்கவில்லை. அரசே ஏலம் போட்டு, அரசே ரசீது கொடுத்த பொருளை எப்படித் திரும்பக் கேட்பது? 2011ல் சிகாகோவில் நடந்த ஏலமும் தடை இல்லாமல் நடந்தது.

அதே 2011ல் மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. லெ கார்பூசியே, ஜன்னரே ஆகியோர் காலத்துப் பாரம்பரியப் பொருட்களை இனி விற்கக் கூடாது. பாதுகாக்க வேண்டும் என்றது. பிறகு கணக்கெடுத்தார்கள். அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாரம்பரியப் பொருட்கள் மிச்சம் இருப்பது தெரிந்தது. 2016ல் சண்டிகரின் சட்டசபை, ஐகோர்ட்டு, செயலக வளாகம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 7 நாடுகளில் உள்ள 17 கட்டடத் தொகுதிகளில் இதுவும் ஒன்று.

கட்டடத்துக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்த நாற்காலியில் பெரும் பகுதி அதற்குள் கடல் தாண்டிவிட்டது. விலை தெரிந்த பிறகு திருட்டும் தொடங்கியது. அலுவலகங்களில் இருந்து நாற்காலி காணாமல் போய் போலீஸ் வழக்கு வரை போயிருக்கிறது.

போலிகளும் புதியவைகளும்

விலை ஏறிய இடத்தில் போலி வராமல் இருக்குமா? பழைய வீடு இடித்த தேக்குக் கட்டையை வாங்கி, அதே அளவில் அறுத்து, புகை காட்டி, கீறல் போட்டு, தகர அச்சு வைத்து ஸ்டோர் நம்பரும் அடித்துவிடுகிறார்கள். அசலா போலியா என்று கண்டுபிடிக்க இப்போது தனி நிபுணர்கள் வேண்டியிருக்கிறது.

அசல் என்று ஏமாற்றாமல், புதியது என்று சொல்லியே செய்பவர்களும் உண்டு. இத்தாலியில் பெரிய நிறுவனம் ஒன்று 2019ல் இந்த மாதிரியில் நாற்காலிகளை வெளியிட்டது. பெங்களூரிலும் ஒரு பட்டறை தேக்கும் பிரம்பும் கொண்டு கையாலேயே செய்து உலகம் முழுதும் அனுப்புகிறது. தச்சர்களுக்கும் பிரம்பு பின்னுபவர்களுக்கும் இதனால் வேலை கிடைத்திருக்கிறது. கைவிட்டுப் போன தொழில் இந்த வழியாகத் திரும்பி வந்தது ஒரு விதத்தில் நல்லதுதான்.

யார் பக்கம் நியாயம்?

வெளிநாட்டு வியாபாரிகள் ஒரு வாதம் வைக்கிறார்கள். "நாங்கள் வாங்காவிட்டால் இவை விறகாகப் போயிருக்கும். காப்பாற்றியதே நாங்கள்தான்" என்பது அந்த வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. மழையில் ஊறிக் கிடந்த நாற்காலிக்கு அப்போது இங்கே யாரும் ஒரு துணி போட்டு மூடவில்லை.

மறு பக்கமும் இருக்கிறது. அந்த நாற்காலிகளை வாங்கியது ஜனங்களின் வரிப் பணம். அகதி முகாம்கள் கலையாத காலத்தில், நாட்டிடம் காசு இல்லாத காலத்தில் செலவழித்த பணம். செய்தவர்கள் இந்நாட்டுத் தச்சர்கள். கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். பெயர்கூட விட்டுப் போகவில்லை. ஏலத்தில் அரசுக்குக் கிடைத்தது மர விலை. தச்சர் குடும்பத்துக்குக் கிடைத்தது அதுவும் இல்லை. லாபம் முழுவதும் வேறு இடத்தில் நின்றுவிட்டது.

ஜன்னரே இதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ! ஊரில் கிடைக்கும் மரத்தில், ஊர்த் தச்சர் கையால், சாதாரண ஊழியரும் சௌகரியமாக உட்கார வேண்டும் என்று வரைந்த நாற்காலி அது. இன்று சாதாரண ஊழியர் ஒருவர் தன் வருஷச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் ஒன்று வாங்க முடியுமா என்பது சந்தேகம்.

உங்கள் ஆபீசில் என்ன இருக்கிறது?

இது சண்டிகருக்கு மட்டும் உள்ள விஷயம் அல்ல. பம்பாய், கல்கத்தா, டில்லி என்று நம்மவர்கள் வேலை பார்க்கும் ஊர்களில் எல்லாம் பழைய அரசுக் கட்டடங்கள் இருக்கின்றன. ரயில் நிலைய வெயிட்டிங் ரூமில் கை நீண்ட பிரம்புச் சாய்வு நாற்காலியைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். துறைமுக ஆபீசிலும் கோர்ட்டிலும் பழைய தேக்கு பெஞ்சுகள் உண்டு. எல்லாம் பாரிசுக்குப் போகும் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவை சாதாரணச் சாமான்தான். ஆனால் எது சாதாரணம், எது அபூர்வம் என்று பார்த்துவிட்டுக் கழிப்பதற்கு அதிகச் செலவு ஆகாது.

கழிவுப் பட்டியல் எழுதும் இடத்தில் நம் குமாஸ்தாக்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அடுத்த தடவை அந்தப் பட்டியல் எழுதும்போது செய்யக் கூடியவை சில உண்டு. நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பட்டறைப் பெயர், வருஷம், பழைய நம்பர் ஏதாவது இருந்தால் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பழைய ரிஜிஸ்தரில் அந்த நம்பரைத் தேடி, எப்போது எங்கே வாங்கியது என்று பாருங்கள். கட்டடம் கட்டியபோதே கூடச் செய்த சாமான் என்றால் அதைக் குவியலில் சேர்க்காமல் தனி வரியில் எழுதுங்கள். "மியூசியத்துக்குத் தெரிவிக்கலாம்" என்று ஒரு குறிப்பு வையுங்கள். மேலதிகாரி கையெழுத்துப் போடுகிறாரோ இல்லையோ, குறிப்பு பைலில் இருக்கும்.

பழைய ரிஜிஸ்தரை எடைக்குப் போடும் முன்பும் ஒரு தடவை யோசியுங்கள். சண்டிகரில் இன்று நிபுணர்கள் தேடி அலைவது நாற்காலியை மட்டும் அல்ல. எந்தப் பட்டறைக்கு எத்தனை ஆர்டர் போனது, எந்தத் தச்சருக்குக் கூலி போனது என்று எழுதிய அந்தப் பழைய காகிதங்களையும்தான்.